இடது கைக்கு வந்த எண்ணெய்

1

என் இடது கையில் எந்தக் கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன மாதம் மதுரையிலிருந்து அந்தக் கைக்கு ஓர் எண்ணெய்ப் பாட்டில் கனடாவுக்கு, கால்கரிக்கு வந்து சேர்ந்தது. இங்கே படிக்க வந்த ஒரு பெண்ணின் பெட்டியில் என் அண்ணன் காதர் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளை அதைப் பிளாஸ்டிக் பைக்குள் பை போட்டுக் கட்டி, பழைய சுடிதாரில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறது. விமான நிலைய அதிகாரி அது உணவா மருந்தா என்று கேட்டாராம். எங்கள் தெரு மாமாவுக்குக் கை வரவில்லை என்று இது பதில் சொல்லியிருக்கிறது. அதிகாரியும் பாவம் என்று விட்டுவிட்டார்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வைத்தியர் காய்ச்சிய எண்ணெய். மூடியைத் திறந்தால் வீடு முழுக்க நொச்சி வாடை. வெளியே பனி கொட்டுவதால் ஜன்னலையும் திறக்க முடியாது. என் மகள் நிலோபர் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கோரிப்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் என் இடது கைக்காக இறைவனிடம் துஆ கேட்டார்கள். மும்தாஜ் மதினி, அதாவது அண்ணன் மனைவி, தர்காவில் நேர்ச்சை வைத்திருந்தார். நோவே இல்லாத ஒரு கைக்கு இத்தனை பாடு. இது எப்படி நடந்தது என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், அண்ணனின் பெயிண்ட் கடைக்குச் சங்கடம் வரக் கூடாது.

2

கால்கரியில் ஒரே கம்பெனியின் கணக்குப் பிரிவில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தேன். போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. வாங்கியவர்களிடம் ஏற்கெனவே ஒரு கணக்குப் பிரிவு இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டு, என் உழைப்பை ரொம்பப் பாராட்டி, அட்டைப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

ஐம்பதைத் தாண்டியவனுக்கு இங்கே விண்ணப்பம் போட்டு வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. போடுகிற விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல். நாலு பேரைப் பார்க்க வேண்டும், பழக வேண்டும், அந்தப் பழக்கத்தில்தான் வேலை வரும் என்றார்கள். இதற்கு நெட்வொர்க்கிங் என்று பெயர். மாலை நேரத்தில் ஒரு கூடத்தில் முன்பின் தெரியாத ஆட்கள் சட்டையில் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். நாம் போய் நாமே அறிமுகம் செய்துகொண்டு, சிரித்து, கை கொடுத்து, நம்மைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லி, அடுத்த ஆளிடம் நகர வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணே எழுந்துவந்து தன் பெருமையைச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை தேடுவோர் மையத்தில் இதற்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். நடத்தியவள் பெத்தனி என்ற சின்னப் பெண். நல்ல பிள்ளை, பொறுமைசாலி. பார்த்த சில நொடிகளிலேயே எதிராளி நம்மை எடை போட்டுவிடுகிறார், வாய் திறப்பதற்குள் உடம்பு பேசி முடித்துவிடுகிறது என்றாள். தோளை விரி. பாதம் எதிராளியைப் பார்த்து இருக்கட்டும். கையைக் கட்டாதே. கண்ணைப் பார், அந்தக் கண் என்ன நிறம் என்று தெரியும் வரைக்கும் பார்.

என்னைப் பெற்ற அத்தாவின் கண் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. அவருடைய சட்டைப் பையைப் பார்த்துத்தான் கடைசி வரை பேசியிருக்கிறேன். பெரியவர்கள் வந்தால் எழுந்து, கையைக் கட்டி, கொஞ்சம் ஒதுங்கி நிற்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த உடம்பு. அதே உடம்புக்கு இங்கே திமிர் என்றும் பயம் என்றும் ஒளிக்கிறான் என்றும் அர்த்தமாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். ஐந்தில் வளைந்ததை ஐம்பதில் நிமிர்த்துவதும் அத்தனை சுலபம் இல்லை.

3

பெரிய சிக்கல் கை கொடுப்பதில்தான் வந்தது.

எங்கள் பக்கம் சலாம் சொல்லி இரண்டு கையையும் கொடுப்போம். எதிராளியின் கை நம் இரு கைகளுக்கு நடுவில் வந்துவிடும். எடுத்த பிறகு வலது கையை நம் நெஞ்சில் வைத்துக்கொள்வோம். கோரிப்பாளையம் சிக்னலில் பைக்கில் நிற்கிற மாப்ளகூட, பக்கத்து வண்டியில் தெரிந்தவரைப் பார்த்தால் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டுவான். பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு கிடப்பார். ஒற்றைக் கையைக் கொடுத்தால் மனதில் ஏதோ வைத்திருக்கிறான் என்று பொருள்.

வேலை பார்த்த இடத்தில் வருஷக்கணக்காக அதே முகங்கள். யாரும் யாருக்கும் கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் எனக்கே தெரியாமல் அந்த இரண்டாவது கை பத்திரமாக உள்ளே இருந்திருக்கிறது. முதல் நெட்வொர்க்கிங் மாலையில், ஒரு நிதி மேலாளர் கையை நீட்டினார். பதற்றத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்ததோடு விட்டேனா, அவர் வீட்டில் எல்லாரும் சுகமா என்றும் கேட்டேன். பிறகு நெஞ்சைத் தொட்டேன். அவர் சிக்கி மீண்ட தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடிக்க ஏதோ எடுத்து வருவதாகப் போனவர்தான், திரும்பவில்லை.

ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்த பெத்தனி, வெள்ளத்திலிருந்து காப்பாற்றிய ஆளைப் பிடிப்பதுபோல அவரைப் பிடித்தீர்கள் என்றாள். ஒரு வழியும் சொன்னாள். கூடத்துக்குள் நுழைந்ததும் இடது கையில் ஒரு தண்ணீர் கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள், கீழே வைக்கவே வைக்காதீர்கள். கை சும்மா இருந்தால்தானே வரும்?

அன்றிலிருந்து சமையலறையில் எனக்குப் பயிற்சி. வாத்தியார் நிலோபர். பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். வெளியில் என்னை டாட் என்பாள், வீட்டுக்குள் இன்னும் அத்தாதான். காபிக் கோப்பையை என் இடது கையில் திணித்துவிட்டு, ஃபிரிஜ்ஜுக்குப் பக்கத்திலிருந்து ஒரு மேலாளரைப்போல நடந்து வருவாள்.

"எகெய்ன், அத்தா. டூ ஷேக்ஸ், லெட் கோ. நெஞ்சைத் தொடாதீங்க."

என் மனைவி ரஹ்மத் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள். ஒரு நாள், இந்தக் கூத்தையெல்லாம் காதர் அண்ணன் பார்க்க வேண்டும் என்றாள். பார்க்கத்தான் போகிறார் என்று அப்போது தெரியாது.

வேலை போனதை ஊரில் சொல்லவில்லை. அண்ணன் மகள் ஆயிஷாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். பெண்ணின் சின்னத்தா கனடாவில் பெரிய கம்பெனியில் இருக்கிறார் என்பது அந்தப் பேச்சில் ஒரு வரியாக ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குள் எப்படியும் ஒரு வேலை கிடைத்துவிடும், கிடைத்த பிறகு கம்பெனி மாறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கல்யாணம்தான் முதலில் வந்தது.

4

வேலையில்லாதவன் இங்கே நினைத்தபடி ஊருக்குப் போய்விட முடியாது. உதவித்தொகை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் கேட்கிற கேள்வி, வேலை செய்யத் தயாரா, விருப்பமா, திறன் இருக்கிறதா என்பது. மூன்றுக்கும் ஆம் என்று அழுத்தியே என் விரல் தேய்ந்தது. போனில் பேசியவரிடம் மகளுக்குக் கல்யாணம் என்றேன். உங்களுக்கு ஒரே மகள் என்றும் அவள் பள்ளி மாணவி என்றும் பதிவில் இருக்கிறதே என்றார் அவர், கொஞ்சம் கவலையாக. அண்ணன் மகள் எங்களுக்கு மகள்தான் என்று விளக்கினேன். அப்படியானால் அது நீஸ், உடனடிக் குடும்பம் ஆகாது, அந்த நாட்களுக்குத் தொகை கிடையாது என்றார். சரி என்றேன். வாதாடுகிற தெம்பெல்லாம் போய் ரொம்ப நாளாகிறது.

ஊருக்குப் போகப் பெட்டி கட்டும்போதும் நிலோபர் விடவில்லை. போய்வந்த மறு வாரமே அடுத்த நெட்வொர்க்கிங் மாலை இருந்தது. விமானத்தில் தண்ணீர் வாங்கும்போதெல்லாம் இடது கையிலேயே வாங்கச் சொன்னாள்.

5

மேலூர் ரோட்டில் புதிதாகக் கட்டிய மண்டபம். நாங்கள் பெண் வீட்டார் என்பதால் அண்ணனும் நானும் வாசலில் நின்று ஆண்களை வரவேற்க வேண்டும். தூக்கம் கெட்டு, கண் எரிய, கோட்டு போட்டுக்கொண்டு நின்றேன். யாரோ வந்து ரோஸ்மில்க் கிளாஸ் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். இடது கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சட்டையில் பெயர்ச் சீட்டு இல்லையே தவிர, மற்றபடி அது எனக்குப் பழகிய கூடமாகிவிட்டது. தோள் விரிந்தது, பாதம் திரும்பியது. வலது கை நேராகப் போய் அழுத்திப் பிடித்து, இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு விலகியது. கண்ணின் நிறம் வரைக்கும் பார்த்தேன். சலாமை வாய் சொன்னது, ஆனால் உடம்பு கால்கரியில் இருந்தது. சத்தியமாக, ஒரு தப்பும் செய்யாமல் பிரமாதமாகச் செய்துகொண்டிருப்பதாகத்தான் எனக்குப் படம் ஓடியது.

அத்தாவின் கூட்டாளி இஸ்மாயில் மாமு வந்தார். இரண்டு கையையும் நீட்டினார். நான் ஒன்றைக் கொடுத்து, குலுக்கி, எடுத்துக்கொண்டேன். அவர் கைகள் அப்படியே நின்றன. பாக்கி வர வேண்டிய கைக்காகக் காத்திருந்திருக்கிறார். பிறகு அவர் பார்வை என் இடது பக்கம் இறங்கி, கிளாஸில் நின்று, முகத்துக்கு ஏறியது. என் தோளைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் மண்டபத்துக்குள் ஒரு சலசலப்பு. வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி கனிவோடு பார்த்தார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்காரச் சொன்னார். இன்னொருவர் தன் மச்சானுக்கும் இப்படித்தான் இடது பக்கம் இழுத்தது, ஒத்தக்கடை வைத்தியர் எண்ணெயில் எழுந்து உட்கார்ந்துவிட்டார், பயப்பட வேண்டாம் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ரஹ்மத் போனில் கூப்பிட்டாள். உங்களுக்கு வாதம் வந்துவிட்டதாம், நான் யாரிடமும் சொல்லவில்லையாம், இங்கே எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், என்ன செய்து வைத்தீர்கள் என்றாள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். ரோஸ்மில்க் ஒரு வாய்கூடக் குடிக்கப்படாமல் கிளாஸிலேயே இருந்தது.

6

அண்ணன் என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். பிரியாணி தேக்சாக்களின் மேல் மூடியும் மூடியின் மேல் கங்குமாக தம் போட்டிருந்தார்கள்.

"கைய நீட்டு," என்றார். நீட்டினேன். "அது இல்ல. மத்தது."

கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார். இடது கையைப் பிடித்து விரல் விரலாக அழுத்திப் பார்த்தார். பெயிண்ட் கடைக்காரர் கை, நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அன்றைக்குப் பச்சை.

"வலிக்குதா?"

"இல்லண்ணே. கை நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் ஒத்தக் கையக் குடுக்குற? மாமு எம்புட்டு நேரம் கைய நீட்டிக்கிட்டு நின்னாரு. எங்க மேல எதும் வருத்தமாடா?"

அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விட்டது என்றேன். எப்போது என்றார். நோன்புக்கு முன்னால் என்றேன். வகுப்பு, பெத்தனி, தண்ணீர் கிளாஸ், சமையலறைப் பயிற்சி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அவர் என் கையை விடாமல் நின்றார்.

"சரி," என்றார் கடைசியில். "ஒத்தக் கையக் குடுத்தாத்தான் வேலை தருவாய்ங்கன்னா ஒத்தக் கையவே குடு. அதுக்கு ஏன் தலையத் தொங்கப் போடுற. வா, பந்தி வைக்கப் போறாங்க."

உள்ளே போனதும் இஸ்மாயில் மாமு அண்ணனை மறித்து, தம்பிக்கு என்ன என்று கேட்டார். சம்பந்தி வீட்டார் நாலு பேர் பக்கத்தில் நின்றார்கள். அண்ணன் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை.

"லேசா நரம்புப் பிடிப்பு மாமு. அங்க குளிரு அம்புட்டு. வேலைக்குப் போயிக்கிட்டுத்தான் இருக்கான். துஆ செய்ங்க."

சாயம் வெளுக்கும் என்றால் வெளுக்கும் என்று சொல்லித்தான் விற்பவர் அவர். அப்படி விற்றதால் போன வாடிக்கையாளர்கள் உண்டு. மகளின் நிக்காஹ் நாளில் எனக்காகப் பொய் சொன்னார்.

மிச்ச நாளெல்லாம் நான் கை வராதவனாகவே ஊரில் நடமாடினேன். பெட்டி தூக்க விடவில்லை. தல்லாகுளத்தில் ஒரு கடையில் சட்டை எடுக்கப் போனால், கடைக்காரர் பட்டன் போட்டுவிட வந்தார். யார் யாரோ தேடி வந்து உட்கார்ந்து, ஓதி ஊதிவிட்டுப் போனார்கள். எத்தனையோ வருஷமாகப் பேசாதிருந்த ஒரு உறவுக்காரர்கூட வந்தார். மும்தாஜ் மதினி முருங்கைக்கீரை சூப்பும் ஆட்டுக்கால் சாறுமாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்.

நிலோபருக்கு முதலில் சிரிப்பு. பிறகு கோபம். விமான நிலையத்துக்குப் போகும் காரில் கேட்டாள்.

"ஸிக்கா இருந்தா ஓகே, ஜாப் இல்லைன்னா மட்டும் ஷேமா, அத்தா?"

நோய் என்றால் மனிதர்கள் துஆவோடு வருவார்கள், வேலை போய்விட்டது என்றால் புத்திமதியோடு வருவார்கள், அத்தாவுக்குப் புத்திமதி கேட்கிற தெம்பு இல்லை என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரியான பதில் அது இல்லை என்று எனக்கும் தெரியும்.

7

திரும்பி வந்த மறு வாரம் அந்தக் கூடத்துக்குப் போனேன். இடது கையில் தண்ணீர். ஒரு சின்னக் கம்பெனியின் மேலாளர், நடுத்தர வயதுப் பெண், கையை நீட்டினார். ஒற்றைக் கை, இரண்டு குலுக்கு, கண் பழுப்பு நிறம். வீட்டில் எல்லாரும் சுகமா என்று நான் கேட்கவில்லை. நேர்காணலுக்கு அழைத்தார்கள். பிறகு இன்னொன்றுக்கு. போன வாரம் வேலை கொடுத்தார்கள். பழைய பதவியைவிட இரண்டு படி கீழே, அதுவும் ஒப்பந்த வேலைதான். பெத்தனி சொன்னதெல்லாம் பலித்துவிட்டது. பலிக்காமல் போயிருந்தால் அவளைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை, அசதிதான் மிச்சம்.

அன்றைக்கே அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடிந்தும் விடியாத நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டார். அங்கே மாலை மஃரிப் தொழுகை முடிந்து, வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், தம்பிக்குக் கை சரியாகிவிட்டதாம் என்று அண்ணன் உரக்க அறிவித்தார். மதினி போனை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எங்க தம்பி, காட்டுங்க பாப்பம்."

இடது கையைத் தூக்கிக் காட்டினேன். விரல்களை மடக்கச் சொன்னார், மடக்கினேன். விரிக்கச் சொன்னார், விரித்தேன். பின்னால் எட்டிப் பார்த்த பெண்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். ஒரு கேடும் இல்லாத கையை ஆட்டி ஆட்டிக் காட்டும்போது அவமானமாக இருந்தது. நாளைக்கே தர்காவுக்குப் போய் நேர்ச்சையை நிறைவேற்றி, சோறு ஆக்கிக் கொடுக்கப் போவதாக மதினி சொன்னார். எண்ணெயைத் தேய்த்தேனா என்று கேட்டார். தேய்த்தேன் என்றேன். அதுவும் பொய்.

பிறகு கூட்டத்தை விட்டு எழுந்து, போனோடு அடுப்படிக்கு வந்தார். அங்கே அவரைத் தவிர யாரும் இல்லை.

"தம்பி, புது எடத்துல போயி மொத நாளே எல்லாத்துக்கும் சரி சரின்னு தலைய ஆட்டாதீங்க. உங்க அண்ணனப் போலத்தான நீங்களும். நின்னு நிதானமாப் பழகுங்க," என்றார்.

புது இடம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். அப்படியானால் நேர்ச்சை கைக்கு வைத்ததா, வேலைக்கு வைத்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுப்பில் ஏதோ பொங்குவதாகச் சொல்லி மதினி போனை வைத்துவிட்டார். தூக்கிய இடது கையைக் கீழே இறக்க மறந்து நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.